ஆர்டிஸ் ஹாகனின் சுத்தமான படம்

ஆர்டிஸ் ஹாகன் படம் எடுக்க நின்றால் முதலில் சூரியனைத் திட்டுவாள். அடுத்தது மேகம். பிறகு தண்டவாளத்துக்கும் தனக்கும் நடுவே முளைத்து நிற்கும் களைச்செடி. கடைசியில் நான். வாயைத் திறக்காமல் நின்றாலும், நான் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது என்பாள்.

இருபத்திரண்டு வருஷமாக நாங்கள் ஒரே ரயில்களைத் துரத்தியிருக்கிறோம். மொன்டானாவின் கிழக்குக் கோடியில், எங்கள் ஊர் ஸ்டான்விக்கை ஒட்டிக்கொண்டு அந்தப் பாதை போகிறது. கிழக்கிலிருந்து மேற்கே நேர்கோடு. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அதில் விமான உடல்கள் வரும். இறக்கை கிடையாது, வால் கிடையாது, சக்கரம் கிடையாது. பச்சைப் பூச்சு பூசிய நீண்ட குழல்கள், ஜன்னல் ஓட்டை வரிசையோடு, தட்டை வண்டிகளில் கட்டப்பட்டுப் போகும். கோதுமைத் தாள் நிற்கும் வயலுக்கு நடுவே அவை போவதை மாடுகள் தலை நிமிர்ந்து பார்க்கும். மாடுகளோடு நாங்களும்.

ஆர்டிஸ் ஊர்த் தானியக் கிடங்கில் எடைமேடையைப் பார்த்துக்கொள்கிறவள். லாரி ஏறும், எடை பார்ப்பாள், சீட்டு எழுதுவாள். முப்பது வருஷமாக அதே ஜன்னல். ஒரு லாரிக்காரன் டயரை மேடைக்கு வெளியே ஓர் அங்குலம் விட்டு நிறுத்தினாலும், "பின்னால எடு" என்பாள். இரண்டாவது முறையும் அப்படியே நிறுத்தினால், அவனுடைய அப்பாவும் அப்படித்தான் நிறுத்துவார் என்று மற்ற லாரிக்காரர்களுக்குக் கேட்கும்படி சொல்வாள்.

படம் எடுக்க அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செத்துப்போன ஒருவருடைய வீட்டுச் சாமான் ஏலத்தில் பழைய கேமரா ஒன்றை வாங்கினாள். நாற்பது ரோல் ஃபிலிமை வீணாக்கித்தான் கற்றுக்கொண்டாள். எங்களுக்குள் சில விதிகள் உண்டு. வெயில் விழும் பக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். அடிவானம் சாயக் கூடாது. தந்திக்கம்பம் இன்ஜின் தலையில் கொம்பு முளைத்த மாதிரி வரக் கூடாது. ஆர்டிஸ் இவற்றோடு தன்னுடைய விதி ஒன்றையும் சேர்த்துக்கொண்டாள்: ஒரு ரயிலுக்கு ஒரு படம். நல்லது ஒன்றை எடுத்து, திருத்தி, வைத்துக்கொள்வாள். மற்றதையெல்லாம் அன்றைக்கே அழித்துவிடுவாள். "பத்துப் படம் வச்சிருக்கறவன் ஒண்ணையும் பாக்காதவன்" என்பாள். என்னிடம் பதினாறாயிரம் படம் இருக்கிறது.

நான் இங்கே எழுத வந்தது ஆகஸ்ட் மூன்றாம் தேதி போன ரயிலைப் பற்றி.

அன்று ஆறு விமான உடல்கள். நாங்கள் எப்போதும் போல இடத்தைப் பிரித்துக்கொண்டோம். அவள் ஊருக்குக் கிழக்கே ஒரு மேட்டில் நின்றாள். நான் மேற்கே முப்பது மைல் போய் ஒரு வளைவில் நின்றேன். நான்கு பத்துக்கு அவளைக் கடந்தது. ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் என்னைக் கடந்தது. வெயில் தென்மேற்கிலிருந்து சாய்ந்து விழுந்து பச்சை நிறம் பளபளத்தது. ஆர்டிஸின் படம் மறுநாள் எங்கள் தளத்தில் வந்தது. ரயில் படக்காரர்களுக்கென்று இருக்கும் இணையதளம் அது. வருகிற படங்களைச் சலித்துப் பார்த்து, நல்லதை மட்டும் ஏற்றுகிறவர்கள் அங்கே உண்டு. அவர்களைச் சல்லடைக்காரர்கள் என்போம். அந்த வாரத்தின் சிறந்த படம் அதுதான். நான் எடுத்ததை அனுப்பவே இல்லை. நடுவில் ஒரு வேலிக்கம்பம் வந்துவிட்டது.

ரயில் மேற்குக் கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் விமானத் தொழிற்சாலையில் பார்த்திருக்கிறார்கள். மூன்றாவது உடலில், ஜன்னல் வரிசைக்குக் கீழே, மூன்று துப்பாக்கி ஓட்டைகள். தெற்குப் பார்த்துப் போன பக்கம்.

இரண்டு வாரம் கழித்து ரயில்வே போலீஸ்காரர் ஹார்ட்சாக் ஸ்டான்விக்குக்கு வந்தார். நீளமான ஆள், சின்னக் குரல். எடைமேடை ஜன்னலுக்கு வெளியே நின்று, அச்சடித்த படம் ஒன்றை உள்ளே நீட்டினார். கோதுமை இறக்க வந்த நான் லாரியில் உட்கார்ந்திருந்தேன்.

"இது நீங்க எடுத்ததுங்களா?"

"கீழ என் பேரு போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?"

"இந்த மூணாவது உடல்ல ஓட்டை ஏதாவது தெரியுதா, அம்மா?"

ஆர்டிஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். "இல்ல."

"நிச்சயமா?"

"நான் எடுத்த படத்துல ஒரு புள்ளி இருந்தாலும் எனக்குத் தெரியாம இருக்காது."

அவர் அதைக் குறித்துக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார். ரயிலைத் துரத்துகிறவர்களின் பெயர்களையெல்லாம் விசாரித்து வைத்திருந்தார். அன்று சாயங்காலம் என் வீட்டுக் கணினியில் வேலிக்கம்பம் வந்த அந்தப் படத்தைத் திறந்து காட்டினேன். பெரிதாக்கச் சொன்னார். மூன்றாவது உடலில் மூன்று கறுப்புப் புள்ளிகள். அதுவரை நான் பார்க்கவில்லை. கம்பத்தை மட்டுமே பார்த்து எரிச்சல் பட்டிருந்தேன்.

"அப்ப இந்த அம்மா எடுக்கும்போது இல்ல, உங்ககிட்ட வரும்போது இருக்கு" என்றார் ஹார்ட்சாக். மேசையில் வரைபடத்தை விரித்து இரண்டு இடங்களையும் விரலால் தொட்டார். "நடுவுல தெற்குப் பக்கம் யாரு இருக்காங்க?"

ஊர் பாதைக்கு வடக்கே. தெற்கே, நடுவில் ஒரே ஒரு வீடுதான். ஓடெல் ஹாகனுடையது. ஆர்டிஸின் தம்பி.

அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. வரைபடத்தில் இருந்தது.

ஓடெலுக்கும் ரயில்வேக்கும் ஏற்கெனவே பகை. அவனுடைய வீடு தெற்கே, வைக்கோல் வயல் வடக்கே. நடுவில் தண்டவாளம். அதைத் தாண்ட தாத்தா காலத்திலிருந்து இருந்த கடவுப்பாதையை முந்தின வருஷம் ரயில்வே கம்பெனி மூடிவிட்டது. எதிரே தெரியும் வயலுக்கு டிராக்டரில் பதினான்கு மைல் சுற்றிப் போக வேண்டும். போதாக்குறைக்கு, காபிக் கடையில் எல்லார் முன்னாலும் ஒருநாள், "இன்னொரு ரயில் என் வழிய மறிச்சுதுன்னா சுட்டுருவேன்" என்று சொல்லியிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். இப்போது ஹார்ட்சாக் கேட்டபோது அதே ஆட்கள் அந்த வார்த்தையை ஒன்று விடாமல் ஒப்பித்தார்கள். வயலைத் தோண்டும் தரை அணிலைச் சுட அவன் வைத்திருந்த துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓட்டையின் அளவு பொருந்துகிறதாம். இந்த மாவட்டத்தில் பாதி வீட்டில் அதே துப்பாக்கிதான். அக்டோபர் பத்தொன்பதாம் தேதி நீதிமன்றத்துக்கு வரச் சொல்லி ஓடெலுக்குத் தாள் வந்தது. விமானத்தைச் சேதப்படுத்தினால் என்ன தண்டனை என்று வக்கீல் சொன்னார். வருஷக் கணக்கில் ஜெயில்.

தாள் வந்த அன்றே ஆர்டிஸ் என் வண்டியில் ஏறி, "அவன் வீட்டுக்கு ஓட்டு" என்றாள். வழியெல்லாம் ரயில்வேயைத் திட்டினாள், போலீஸைத் திட்டினாள், ஒப்பித்தவர்களைப் பெயர் சொல்லித் திட்டினாள். ஓடெல் வைக்கோல் கட்டும் எந்திரத்துக்குக் கீழே படுத்துக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தான். வெளியே நீட்டியிருந்த அவன் காலை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"ஓடெல். நீ சுட்டியாடா?"

கிரீஸ் பம்பின் சத்தம் நின்றது. அவன் வெளியே வரவில்லை.

"கேக்கறது யாரு? போலீஸா, அக்காவா?"

"நான்தாண்டா கேக்கறேன்."

"அக்கா கேட்டிருக்க மாட்டா."

"படத்துல இல்லடா! உன் வீட்டுக்கு ஒன்பது மைல் கிழக்க நான் எடுக்கறப்ப அங்க ஒண்ணுமே இல்ல. நான் என்னன்னு நினைக்கறது?"

"அப்ப உன் படத்துக்கிட்டயே கேளு" என்றான். மறுபடி கிரீஸ் போடும் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை. அவள் போன் செய்தால் எடுக்கவில்லை. நேரில் போனால், டிராக்டரை நிறுத்தாமல் கடந்து போனான்.

ஊர் அதன் வேலையைச் செய்தது. காபிக் கடையில் ஓடெல் நுழைந்தால், "இந்த சீசனுக்கு எத்தனை விமானம் சுடலாம்னு லைசென்ஸ் குடுத்திருக்காங்க?" என்பார்கள். இன்னொருவன், "எறக்கையே இல்லாததச் சுட்டிருக்கான்பா. அதுவும் உக்காந்திருந்ததை" என்றான். உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவதை இழிவாக நினைக்கும் வேட்டைக்காரர்களிடம் இதைவிடக் கேவலமாக ஒன்றைச் சொல்ல முடியாது. ஓடெல் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போய்விட்டான். பிறகு வருவதையே நிறுத்திக்கொண்டான்.

அதைக்கூடத் தாங்கலாம். தீயணைப்பு வண்டிதான் தாங்க முடியாதது. எங்கள் பக்கம் தீயணைப்புக்குச் சம்பள ஆள் கிடையாது. நாங்களேதான். மேற்குப் பகுதிக்கான வண்டி ஓடெல் வீட்டிலிருந்து அரை மைலில் ஒரு கொட்டகையில் நிற்கும். பதினெட்டு வருஷமாக அதை ஓட்டியவன் அவன். தீயணைப்புக் குழுத் தலைவர் மெர்வின் டால், தீவனக் கடைக்காரர். ஆகஸ்ட் கடைசியில் வந்து, "வழக்கு முடியற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும், ஓடெல். இன்ஷூரன்ஸ்காரன் கேப்பான்" என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். செப்டம்பரில் பக்கத்து விவசாயி ஸோரன்ஸனின் கோதுமைத் தாள் வயலில் தீப்பிடித்தது. கொட்டகையிலிருந்து எட்டு நிமிஷத் தூரம். கொட்டகை பூட்டியிருந்தது. ஊரிலிருந்து இன்னொரு வண்டி வந்து சேர நாற்பது நிமிஷம் ஆனது. முந்நூறு ஏக்கரும் ஒரு தானியத் தொட்டியும் போயின. ஓடெல் ஒரு மண்வெட்டியோடு வேலி ஓரம் தனியாக அடித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவனுக்குப் பக்கத்தில் யாரும் போய் நிற்கவில்லை.

செப்டம்பர் இருபத்தாறாம் தேதி ஆர்டிஸும் நானும் அதே மேட்டில் நின்றோம். அந்த ஒரு மாதமாக அவள் படம் எடுப்பதும் ஒரு சண்டை போலத்தான் இருந்தது. வண்டி தாமதம். என் கேமராவின் சின்னத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்ன கண்றாவி? வானம் பூரா அம்மை போட்ட மாதிரி புள்ளி. உள்ள தூசி எறங்கியிருக்கு. தொடைக்கவே மாட்டியா நீ?"

"பரவாயில்ல, தெரியாது."

"உனக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு படத்தையும் உக்காந்து ஒவ்வொரு புள்ளியா எடுக்கறேன். வானத்துல எடுப்பேன், வண்டி மேல எடுப்பேன், உன்னை மாதிரி—"

"வண்டி மேல இருக்கறது தூசின்னு எப்படித் தெரியும்?" என்றேன். சும்மா எதிர்ப்பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"தூசின்னா அடுத்த படத்துலயும் அதே எடத்துல இருக்கும். வச்சுப் பாத்தா தெரிஞ்சுடும்."

"எப்பவும் வச்சுப் பாப்பியா?"

அவள் திரையை அணைத்து, கேமராவை என் கையில் கொடுத்தாள். கிழக்கே வண்டியின் விளக்கு தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை.

"லீலண்ட், அன்னிக்கு என் படத்தைத் திருப்பி அனுப்பிட்டாங்க."

"எந்தப் படம்?"

"ஆகஸ்ட் மூணு. முதல்ல வேணாம்னு திருப்பிட்டாங்க. ஒரு மாசத்துக்குள்ள மூணாவது தடவை. கோவத்துல என்ன எழுதியிருக்குன்னுகூட முழுசாப் படிக்கல. 'புள்ளி இருக்கு, நீக்கு'ன்னு போட்டிருந்தான். நீக்கினேன். அனுப்பினேன்."

"எங்க இருந்துது புள்ளி?"

"வண்டி மேல."

ஏழு விமான உடல்கள் எங்களைக் கடந்து போயின. இரண்டு பேரும் கேமராவைத் தூக்கவில்லை.

மூலப் படம் அவளிடம் இல்லை. ஒரு ரயிலுக்கு ஒரு படம். திருத்தியதை வைத்துக்கொண்டு மற்றதை அன்றைக்கே அழித்துவிட்டாள். "அப்படியே மூலம் இருந்தாலும் என்ன? தம்பியைக் காப்பாத்த நானே மூணு புள்ளி வச்சேன்னு சொல்லுவான் அந்த ஹார்ட்சாக்" என்றாள். சரிதான். ஆனால் திருப்பி அனுப்பிய படத்தைத் தளம் தன்னிடம் வைத்திருக்கும். அறுபது நாள் வரைக்கும். பிறகு தானாக அழிந்துவிடும். நான் விரல் விட்டு எண்ணினேன். ஐம்பத்து நான்கு ஆகியிருந்தது.

சல்லடைக்காரர்கள் பெயர் போடுவதில்லை, எண்தான். ஆர்டிஸின் படத்தைத் திருப்பிய ஏழாம் எண்காரர் யார் என்று கண்டுபிடிக்க நான்கு நாள் ஆனது. ஐயோவாவில் வென்டல் பிரிட்சார்ட் என்று ஒருவர். ஓய்வுபெற்ற பல் டாக்டர். என் சமையலறையில் போனை ஸ்பீக்கரில் வைத்துக்கொண்டு ஆர்டிஸ் பேசினாள்.

"நிராகரிச்சதைப் பத்திப் பேசணும்னா அதுக்குத் தளத்துல ஒரு படிவம் இருக்குங்க" என்றார் அவர்.

"படிவம் போட்டேன். ஏழு நாள்ல பதில்னு வந்துது. எனக்கு ரெண்டு நாள்தான் இருக்கு."

"அம்மா, வாரத்துக்கு நூத்தம்பது படம் பாக்கறேன். எல்லாருமே அவங்க படம் சரின்னுதான் சொல்றாங்க."

"சரின்னு நான் சொல்லவே இல்லையே! நீங்க சொன்ன புள்ளி அதுல இருக்குன்னுதான் சொல்றேன். அது இருக்குன்னு உங்க வாயால வேற எடத்துல சொல்லணும்."

அங்கே விசைப்பலகை தட்டும் சத்தம். "ஆகஸ்ட் மூணு... ஹாகன்... இருக்கு. நான்தான். வட்டம் போட்டிருக்கேன். மூணு. நல்லாத் தெளிவா இருக்கே. மூணாவது கொஞ்சம் நீள்வட்டமா இருக்கு."

"குண்டு சாய்ஞ்சு போயிருக்கு."

"என்ன?"

"அது தூசி இல்ல, டாக்டர். துப்பாக்கிக் குண்டு. நீங்க நீக்கச் சொன்னீங்க. நான் நீக்கினேன். அதுக்காக என் தம்பியை உள்ள வைக்கப் போறாங்க."

லைன் போய்விட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

"நாப்பது வருஷம் பல்லைப் பாத்தவன் நான்" என்றார் கடைசியில். "ஓட்டைக்கும் அழுக்குக்கும் வித்தியாசம் தெரியாமப் போச்சே."

"எனக்கும்தான் தெரியல. அழுது முடிச்சதும் அனுப்புங்க."

அன்றே அனுப்பினார். படம், அதன் மேல் அவர் போட்ட மூன்று சிவப்பு வட்டங்கள், கீழே தளம் தானாகப் பதித்த தேதியும் நேரமும். ஆகஸ்ட் மூன்று, இரவு எட்டு பதினேழு. அந்த நேரத்தில் ரயில் இன்னும் மலையையே தாண்டியிருக்காது. ஓட்டை இருப்பது உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, சுட்டவனைத் தவிர. கேட்காமலேயே ஒரு சாட்சிக் கடிதமும் கையெழுத்திட்டு அனுப்பியிருந்தார்.

ஹார்ட்சாக்கைப் பார்க்க நூற்றிருபது மைல் போனோம். அவர் சிவப்பு வட்டங்களைப் பார்த்தார், தொழிற்சாலை அனுப்பிய படத்தைப் பக்கத்தில் வைத்தார், என்னுடையதையும் வைத்தார். மூன்றிலும் அதே இடம்.

"அப்ப நீங்க எங்களுக்குக் குடுத்தது திருத்தின படம்."

"ஆமா."

"அதை எங்ககிட்ட சொல்லல."

"எனக்கே நினைப்பில்ல."

அவர் தன் நோட்டைப் புரட்டி, மேலே பார்க்காமல் வாசித்தார். "'ஒரு புள்ளி இருந்தாலும் எனக்குத் தெரியாம இருக்காது.' நீங்க சொன்னது."

ஆர்டிஸின் முகம் கழுத்துவரை சிவந்துவிட்டது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "எழுதிக்கோங்க. தப்பு என்னோடது. ஆனா நீங்களும் ஒரு வீட்டைத் தாண்டித் தேடல. நான் நின்ன எடத்துக்குக் கிழக்க ஆயிரம் மைல் இருக்கு. ஒரு அடிகூடப் போய்ப் பாக்கல. எழுதினீங்களா? அதையும் எழுதுங்க."

அவர் எழுதினாரா என்று தெரியாது. சுட்டது யார் என்று இன்றுவரை தெரியாது. அக்டோபர் எட்டாம் தேதி ஓடெலுக்குக் கடிதம் வந்தது. மேற்கொண்டு நடவடிக்கை இல்லை, துப்பாக்கியை வந்து பெற்றுக்கொள்ளலாம். இரண்டு வரி. மன்னிப்பு என்ற சொல் இல்லை. தளமும் ஒரு கடிதம் அனுப்பியது, ஆர்டிஸுக்கு. படத்தில் இருந்த பொருளை மாற்றியதால் ஆகஸ்ட் மூன்றாம் தேதி படம் நீக்கப்பட்டது, பரிசும் திரும்பப் பெறப்பட்டது. நீக்கு என்று சொன்னதும் அவர்கள்தான், நீக்கியதற்குத் தண்டித்ததும் அவர்கள்தான். அவள் அதைப் படித்து, மடித்து, எடைமேடை அறையில் மேசை ஆடுகிறது என்று அதன் ஒரு காலுக்கு அடியில் வைத்தாள்.

மறுநாள் காலை ஓடெலைப் பார்க்கப் போனாள். நான் வண்டியிலேயே இருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. அவன் கதவைத் திறந்தான், உள்ளே கூப்பிடவில்லை.

"கடிதாசி வந்துதா?" என்றாள்.

"வந்துது. எனக்கு வந்துது. ஊருக்கு வரல."

கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆர்டிஸ் வண்டியில் ஏறி, கதவை அறைந்து சாத்தினாள். "காபிக் கடைக்குப் போ."

ஒன்பது மணிக்கு எல்லாரும் அங்கே இருப்பார்கள். நீள மேசையில் எட்டுப் பேர், நடுவில் காபிக்கு யார் காசு கொடுப்பது என்று உருட்டிப் பார்க்கும் பகடைக் குவளை, சர்க்கரைப் பாகு ஊறிய ரொட்டிச் சுருள் தட்டு. மெர்வின் டால் வழக்கமான இடத்தில் இருந்தார்.

"வாம்மா ஆர்டிஸ். இன்னிக்கு எடைமேடை லீவா?"

"ஓடெல் சுடல."

யாரோ குவளையை உருட்டுவதை நிறுத்தினார்.

"ஓட்டை என் படத்துலயே இருந்துது. ஒன்பது மைல் முன்னாலயே. அழிச்சது நான். தூசின்னு நினைச்சு அழிச்சேன். என் படத்தை நம்பி அவன்கிட்ட நீ சுட்டியான்னு கேட்டதும் நான்தான். நீங்க எல்லாரும் கேக்கறதுக்கு முன்னாடி நான் கேட்டேன். அது என்னோட தப்பு. எனக்கும் அவனுக்கும். இப்ப உங்களோடதுக்கு வரேன்."

"சரி ஆர்டிஸ், உக்காரு" என்றார் மெர்வின். "ஒரு ரொட்டி சாப்பிடு."

"உக்கார வரல. அவன் காபிக் கடையில விளையாட்டுக்குச் சொன்னதைப் போலீஸ்காரன்கிட்ட யாரு யாரு சொன்னீங்க?"

எல்லாரும் தட்டைப் பார்த்தார்கள்.

"எனக்குத் தெரியும். பேரு வேணாம். உங்க லாரி எல்லாம் என் ஜன்னலுக்குத்தான் வரணும். மெர்வின், சாவி எங்க?"

"அடுத்த செவ்வாக்கிழமை குழுக் கூட்டம் இருக்கு. அங்க தீர்மானமா வச்சு—"

"வாங்கறப்ப கூட்டம் போட்டியா?"

"இன்ஷூரன்ஸ்—"

"முந்நூறு ஏக்கர் எரிஞ்சுது, மெர்வின். ஸோரன்ஸன் உன் பக்கத்துலதான் உக்காந்திருக்கார். அவர்கிட்டயே சொல்லு, இன்ஷூரன்ஸ்னு."

ஸோரன்ஸன் ஒன்றும் பேசாதவர். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "குடுத்துரு மெர்வின்" என்றார்.

மெர்வின் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேசையில் வைத்து, அவள் பக்கம் தள்ளினார்.

"எங்கிட்ட எதுக்கு? நீதானே வாங்கினே. அவன் கையில நீயே குடு."

"காபி முடிச்சுட்டு வரேன்."

"ஆறட்டும்."

அவர் எழுந்தார். தொப்பியை எடுத்தார். அவருக்குப் பின்னால் ஸோரன்ஸனும் எழுந்தார். யாரும் கூப்பிடவில்லை. மூன்று வண்டிகளில் போனோம்.

ஓடெல் வாசலில் நின்று சாவியை வாங்கிக்கொண்டான். மெர்வின் ஏதோ சொல்லத் தொடங்கினார். அவன் கேட்காமல் கொட்டகையை நோக்கி நடந்தான். அரை மைல். நாங்கள் வண்டிகளில் ஊர்ந்துகொண்டே பின்னால் போனோம். பூட்டைத் திறந்து, தீயணைப்பு வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினான். ஒரு சொடக்குச் சத்தம், அவ்வளவுதான். மறுபடி திருப்பினான். பேட்டரி செத்துக் கிடந்தது.

கீழே இறங்கினான். ஆகஸ்டிலிருந்து ஊரில் யாரிடமும் வாயே திறக்காத ஆள்.

"ஆறு வாரமா ஒருத்தனும் வந்து இதை ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலையா? மழையில்லாம மாவட்டமே காய்ஞ்சு கிடக்கு. பூட்டி வச்சுட்டு காபி குடிச்சிருக்கீங்க. பகடை உருட்டியிருக்கீங்க. ஒருத்தன். ஒரே ஒருத்தனுக்குத் தோணல." குரல் உயரவில்லை. ஒவ்வொரு வார்த்தையும் தனித்தனியாக விழுந்தது. மெர்வின் தரையைப் பார்த்தார். ஸோரன்ஸன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஆர்டிஸ் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள். ஓடெல் அவள் பக்கம் திரும்பினான்.

"உன்கிட்ட ஜம்பர் கேபிள் இருக்கா?"

"லீலண்ட் வண்டியில இருக்கு."

"அப்ப நின்னு என்ன பாக்கற? கொண்டா."

அவள் போய் எடுத்து வந்தாள். கவ்விகளை அவனே மாட்டினான். வண்டி உறுமி எழுந்து, கறுப்பாக ஒரு முறை புகை விட்டது. அவன் தண்ணீர் அளவைப் பார்த்தான், டயரை உதைத்தான், குழாயைப் பிரித்து மறுபடி சுற்றத் தொடங்கினான். அது சரியாகச் சுற்றியிருக்கவில்லை. ஆர்டிஸ் மறுமுனையைப் பிடித்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.